கிராபிக் நாவலா, வரைகதையா?

இலங்கையின் வடக்கில் இருக்கிற எங்கள் ஊர்ப்பக்கத்தின் பெயரிலேயே, 'வன்னி' என்று, 2019இல் ஒரு புத்தகம் வந்தது. பெஞ்சமின் டிக்ஸ் எழுதி லிண்ட்சே பொலொக் வரைந்தது, ஆங்கிலத்தில். போருக்குள் அகப்பட்ட எங்கள் சனத்தின் கதை, முழுக்கப் படங்களில். கிளிநொச்சிப் பக்கம் பிறந்து, பால்பல் விழுமுன்னே காமிக்ஸுக்கு அடிமையானவன் நான், இதற்கு விமர்சனம் எழுதாமல் விடலாமா? உட்கார்ந்தேன். 'இந்த' என்று எழுதினேன், அவ்வளவுதான், பேனை நின்றுவிட்டது. இந்த என்ன? காமிக்ஸ் என்றால் சிரிப்புப் புத்தகம் என்று நினைப்பார்கள், கிராபிக் நாவல் என்றால் பாதிப்பேருக்கு விளங்காது, படக்கதை என்றால் சின்னப் பிள்ளைகளின் சாமான் என்று தூக்கி ஒரு பக்கம் வைத்துவிடுவார்கள். சரி, முதலில் சொல்லைப் பார்ப்போம் என்று இறங்கியதில் விமர்சனம் இரண்டு கிழமை தள்ளிப்போனது.

காமிக்ஸின் வேர் கிரேக்கம். 'கோமோஸ்' என்றால் குடியும் கூத்துமான கொண்டாட்டம். அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அமெரிக்கப் பத்திரிகைகளின் சிரிப்புப் படத்தொடர்களில் ஒட்டிக்கொண்டது. பிறகு கொலையும் பேயும் போரும் வந்தபோதும் பெயர் போகவில்லை. பிரெஞ்சுக்காரர் இதை 'வரைந்த பட்டை' என்கிறார்கள். இத்தாலிக்காரர் 'ஃபுமெத்தி' என்கிறார்கள், சின்னப் புகைகள் என்று பொருள், ஆட்களின் வாயிலிருந்து கிளம்பும் பேச்சுக் குமிழைப் பார்த்து வைத்த பெயர். இதைவிட அழகான பெயர் எனக்குத் தெரிந்து இல்லை.

கிராபிக் நாவல் என்பது 1964இல் ரிச்சர்ட் கைல் என்ற அமெரிக்க ரசிகர் எழுத்தில் பாவித்த சொல். 1978இல் வில் ஐஸ்னர் தன் 'எ கான்ட்ராக்ட் வித் காட்' புத்தகத்தின் அட்டையில் அதைப் போட்ட பிறகுதான் ஊர் முழுக்கப் பரவியது. பகிடி என்னவென்றால் அந்தப் புத்தகம் நாவலே இல்லை, நான்கு சிறுகதைகள். 1992இல் புலிட்சரின் சிறப்பு விருது வாங்கிய 'மௌஸ்', ஆர்ட் ஸ்பீகல்மன் தன் தகப்பனின் வாயால் கேட்டு வரைந்த நாஜி வதைமுகாம் அனுபவம், அதுவும் நாவல் இல்லை. கிராபிக் நாவல் என்ற பெயரே, காமிக்ஸ் என்று சொல்ல வெட்கப்பட்டவர்களுக்காகப் புத்தகக் கடைக்காரர் தைத்துக் கொடுத்த கோட்டு என்றுதான் எனக்குப் படுகிறது.

தமிழுக்கு வருவோம். 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியபோதே காமிக்ஸ் என்ற சொல் நம் வாயில் உட்கார்ந்துவிட்டது, இனி எழுப்ப முடியாது, எழுப்பவும் வேண்டாம். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள், அட்டை போன, கம்பி துருப்பிடித்த மாயாவி ஒன்று எங்கள் வீட்டுக்கு வரும்போது குறைந்தது இருபது கை மாறியிருக்கும். குப்பி விளக்கில் படிப்போம். மாயாவிக்கு உடம்பில் மின்சாரம் பாய்ந்தால்தான் மறைய முடியும். வன்னிக்கு வந்திருந்தால் பாவம், கரண்டே இல்லாத ஊரில் ஆள் கடைசிவரை அப்படியே நின்றிருப்பார் என்று அண்ணா சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

தமிழ்ச் சொற்கள் என்று பார்த்தால் சித்திரக்கதை பழகியது, இனிமையானது. இரண்டு பாதியும் வடமொழி. சிங்களத்திலும் இதே சொல்தான், 'சித்ரகதா'. படக்கதை என்றால் எங்கள் ஊரில் சினிமாப் படத்தின் கதை என்றுதான் காதில் விழும். வரைகலை நாவல் என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்குக் கலியாண அட்டை அடிக்கிற கடைதான் ஞாபகம் வருகிறது. ஓவியப் புதினம்? 'என்ன புதினம்?' என்று படலையில் நின்று கேட்கிற சனத்துக்குப் புதினம் என்றால் செய்தி, நாவல் என்றால் மரத்தில் பழுப்பது.

மிச்சம் வரைகதை. நான் உண்டாக்கியதில்லை, ஏற்கெனவே சிலர் எழுதிவரும் சொல். கிராபிக்கின் வேரான கிரேக்க 'கிராஃபீன்' எழுதுவதையும் குறிக்கும், வரைவதையும் குறிக்கும். நமக்கும் அப்படித்தான். படமும் வரையலாம், மடலும் வரையலாம். 'எழுது'வும் அதே சாதி. 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்' என்கிற குறளில் (1285) எழுதுவது எழுத்தை இல்லை, கண்ணுக்கு மையை. வரை என்றால் எல்லை என்றும் பொருள் உண்டு, கட்டம் கட்டமாகக் கோடு போட்டு எல்லை பிரித்துச் சொல்கிற கலைக்கு இது தற்செயலாக அமைந்த பொருத்தம்.

இன்னொன்று, இலக்கணம். வரைகதை வினைத்தொகை, சுடுசோறு, ஊறுகாய் மாதிரி. வரைந்த கதை, வரைகின்ற கதை, வரையும் கதை, மூன்று காலமும் உள்ளே கிடக்கிறது. ஒரு காமிக்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முதல் கட்டத்தில் மாயாவியின் கை மின்கம்பியைத் தொடுகிறது. நடுவில் ஒரு விரற்கடை வெள்ளை. அடுத்த கட்டத்தில் ஆள் இல்லை, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. மறைந்தது அந்த வெள்ளையில், அதை வரைந்தவர் வரையவில்லை, நீங்கள்தான் மனதுக்குள் வரைந்தீர்கள். நடந்தது, நடப்பது, நடக்கப்போவது மூன்றும் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிறது, சினிமாவில் இது நடக்காது.

கதை என்பதையும் விடக் கூடாது. எங்கள் பக்கத்தில் கதைப்பது என்றால் பேசுவது. அப்படிப் பார்த்தால் வரைகதை என்பது கோட்டால் கதைப்பது, கற்பனையா உண்மையா என்ற கேள்விக்கே இடமில்லை, மௌஸும் வரலாம், 'வன்னி'யும் வரலாம், மாயாவியும் வரலாம். பெயர் இப்படி மாறியதும் என் விமர்சனக் குறிப்புகளே பல்லிளித்தன. நான்கு பக்கமும் கதைச்சுருக்கம், கடைசியில் 'ஓவியங்கள் அருமை' என்று ஒரு வரி. இருபது வருசமாக இப்படித்தான் எழுதியிருக்கிறேன், கோடு என்ன கதைத்தது என்று ஒருநாளும் எழுதவில்லை.

எல்லாவற்றையும் கிழித்துவிட்டு நேற்று இரவு திரும்ப உட்கார்ந்தேன். 'இந்த வரைகதையில்' என்று தொடங்கியிருக்கிறேன், இப்போதைக்கு முதல் பக்கத்தின் முதல் கட்டத்தைத் தாண்டவில்லை.