குளோரின் வாசனையை நம்பாதீர்கள்

முகாமில் ஒரே நாளில் பத்து ஜவான்கள் வயிற்றுப்போக்கோடு எம்.ஐ. ரூம் (முகாமின் மருத்துவ அறை) வாசலில் நிற்பார்கள். தண்ணீரில் குளோரின் மருந்து போட்டாயா என்று கேட்டால், நர்சிங் அசிஸ்டன்ட்டுகளின் பதில் மட்டும் மாறுவதே இல்லை: "போட்டேன் சார், வாசனை வந்ததே!"

வாசனை அளவுகோல் இல்லை. தண்ணீரில் சாக்கடைக் கழிவு இருந்தால் அதிலுள்ள அமோனியாவோடு குளோரின் சேர்ந்து குளோரமைன் ஆகிவிடும். மூக்கைத் துளைக்கும் வாடை பெரும்பாலும் அதனுடையது. கிருமியைக் கொல்வதில் அது மந்தம். ஆகவே வாடை தூக்கலாக அடித்தால், தண்ணீர் அழுக்கு என்று சந்தேகப்பட வேண்டுமே தவிர நிம்மதி அடையக் கூடாது. வேண்டியது, ஒரு மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் தனிக் குளோரின், அதாவது எதோடும் சேராத குளோரின், மிச்சமிருப்பது. அதை மூக்கால் அளக்க யாராலும் முடியாது.

குளோரின் தரும் ப்ளீச்சிங் பவுடரை எத்தனை ஸ்பூன் போடுவது என்று சொல்லத்தான் ஹாராக்ஸ் பெட்டி என்ற தண்ணீர் சோதனைப் பெட்டி இருக்கிறது. பல யூனிட்டுகளில் அது ஆய்வு நாளன்று மட்டும் தூசி தட்டப்படுகிறது. கறுப்புக் கிண்ணத்தில் தலைதட்டிய ஒரு ஸ்பூன், அதாவது 2 கிராம், ப்ளீச்சிங் பவுடர். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு கோடு வரை நிரப்பிக் கலக்கித் தெளிய விடுங்கள். ஆறு வெள்ளைக் கிண்ணங்களில் சோதிக்க வேண்டிய தண்ணீர். தெளிந்த கரைசலை முதல் கிண்ணத்தில் 1 சொட்டு, இரண்டாவதில் 2 என ஆறு வரை விட்டு, தனித்தனிக் குச்சியால் கலக்குங்கள். அரை மணி நேரம் பொறுங்கள். (பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பெட்டியைத் திறக்காமலே இருக்கலாம்.) பிறகு ஒவ்வொன்றிலும், குளோரின் மிச்சமிருந்தால் நீலமாகும் ஸ்டார்ச் அயோடைடு கரைசல் 3 சொட்டு. தெளிவான நீலம் முதலில் காட்டும் கிண்ணம் மூன்றாவது என்றால், 455 லிட்டருக்கு 3 ஸ்பூன், 6 கிராம். 2,000 லிட்டர் டேங்குக்கு ஏறக்குறைய 26 கிராம்.

சொட்டுக்குப் பெட்டியிலுள்ள பிப்பெட்டையே எடுங்கள். கண் மருந்துச் சொட்டானில் சொட்டின் அளவே வேறு, கணக்கு தப்பும். சோதித்த பவுடர் டின்னிலிருந்தே டேங்குக்கும் போடுங்கள். புதுப் பவுடரில் குளோரின் சுமார் 33 சதவீதம்; மூடி இறுகாத டின்னில், வெயிலிலும் ஈரத்திலும் அது கரைந்துகொண்டே போகும். நல்ல டின்னில் சோதித்துவிட்டுப் பழைய டின்னைக் கொட்டினால் சோதித்த பலன் போச்சு. ஆறு கிண்ணத்திலும் நீலம் வராவிட்டால் பவுடர் செத்துவிட்டது, அல்லது தண்ணீர் படுமோசம். இரண்டில் எது என்று புதிய டின்னைத் திறந்து பாருங்கள்.

மழை பெய்து தண்ணீர் கலங்கினாலோ, ஊற்று மாறினாலோ, நேற்றைய கணக்கு செல்லாது. கலங்கலைப் படிகாரம் போட்டுத் தெளியவைத்த பிறகே குளோரின். டேங்கில் பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள்.

லங்கரில் (முகாம் சமையற்கூடத்தில்) டீக்கு அவசரப்படுத்துவார்கள்தான். ஆனாலும் தயவுசெய்து, ஒரு மணி நேரம் முடியும் வரை குழாயைத் திறக்க விடாதீர்கள். கடுங்குளிரில் குளோரின் வேலை இன்னும் மெதுவாக நடக்கும் என்பதால் அங்கே கூடுதல் நேரம் கொடுங்கள்.