இஜிஆர் வால்வை மாற்றும் முன் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள்

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் இஜிஆர் (வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) என்று வருகிறது. உடனே வால்வை மாற்றச் சொல்வார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புது வால்வு போட்ட பிறகும் அதே விளக்கு எரிந்தால், கோளாறு அதற்குப் போகும் வயரில் இருக்கலாம். வடசென்னையில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரம் நிற்கும் வண்டிகளில் இந்தச் சந்தேகம் முதலிலேயே வரவேண்டும்.

ஸ்கேனர் காட்டும் கோளாறு எண் எது என்று பாருங்கள். பி0401 வந்தால் பெரும்பாலும் கரி அடைப்பு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் இரண்டாம் கியரிலேயே ஊர்கிற டீசல் வண்டிக்கு அது சகஜம். பி0403 வால்வை இயக்கும் சர்க்யூட்டைக் காட்டும். பி0405, பி0406 இரண்டும் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சாரின் சிக்னல் கோளாறுகள். குழப்புவது பி0404. இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கேட்ட அளவுக்கு வால்வு நகரவில்லை என்றுதான் அது சொல்லும். கரியில் சிக்கினாலும் வரும், வயர் கெட்டாலும் வரும்.

சாவியை அணைத்துவிட்டு, வயரை வால்வோடு இணைக்கும் பிளக்கான கப்ளரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் உள்ளே இருக்கும் உலோகப் பின்னில் பச்சைப் பொடி பூத்திருந்தால் உப்புக்காற்று உள்ளே போய்விட்டது. இன்ஜின் சூட்டில் ரப்பர் சீல் விறைத்துப்போய்ப் பிடிப்பு விட்டுவிடும்; வண்டி ஆறும்போது ஈரக்காற்றைக் கப்ளர் உள்ளே இழுக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் வயரின் உள்ளேயும் தண்ணீர் ஏறியிருக்கலாம். கான்டாக்ட் கிளீனரால் கழுவி, காயவிட்டு, பெண் பின் (மற்ற பின் நுழையும் குழிப் பின்) தளர்ந்திருக்கிறதா என்றும் சோதியுங்கள். தளர்ந்துபோன பெண் பின் பார்க்கச் சுத்தமாகவே தெரியும், ஏமாற்றும்.

அடுத்து மல்டிமீட்டர். கப்ளர் கழற்றியபடியே சாவியைப் போட்டால் சென்சாரின் சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே சுமார் 5 வோல்ட் வரவேண்டும். வரவில்லை, கூடவே வேறு சென்சார்களின் கோளாறு எண்ணும் வந்திருக்கிறது என்றால் அந்த 5 வோல்ட் லைன் எங்கோ ஷார்ட். அதை மற்ற சென்சார்களும் பகிர்ந்துகொள்வது வழக்கம். கப்ளரை மாட்டி, வயர் நுழையும் பின்பக்கமாக அளந்தால், மூடிய வால்வில் பல வண்டிகளில் சிக்னல் 1 வோல்ட்டை ஒட்டி இருக்கும்; திறக்கத் திறக்கத் தாவாமல் ஏறும். சில புது வண்டிகளில் சிக்னல் டிஜிட்டல், அதை மீட்டரால் படிக்க முடியாது.

ஊசியால் வயரைக் குத்தி அளக்காதீர்கள். இந்தக் காற்றில் அந்த ஓட்டை வழியாகச் செம்பு கருத்துவிடும்.

வால்வுக்கு ரிலே வழியாக 12 வோல்ட் வரும் வகை வண்டிகளில் மீட்டரை மட்டும் நம்பக்கூடாது. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்றே மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 என்றே காட்டும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பை அந்த சப்ளைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மாட்டுங்கள். பல்பு 1.75 ஆம்பியர் இழுக்கும். மங்கலாக எரிந்தால் வயர் அரைகுறை. எரியும்போதே வயர்க்கட்டை, முக்கியமாக கிளாம்பில் உராயும் இடத்தில், ஆட்டிப் பாருங்கள். 5 வோல்ட் லைனிலோ இசியூவிலிருந்து நேராக வரும் வயரிலோ பல்பை மாட்டவே கூடாது, இசியூவுக்கே வேட்டு.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் வால்வுக் காயிலின் ஓம்ஸை (மின்தடையை) அளந்து, மேனுவலோடு ஒப்பிடுங்கள். சூடாக இருக்கும்போதும் ஒருமுறை. புது வால்வு போட்டால், பல மாடல்களில் மூடிய நிலையை ஸ்கேனர் வழியே இசியூவுக்குப் பழக்கவேண்டும். அதை விட்டுவிட்டால் நல்ல வால்வுக்கும் பி0404 வரலாம்.