டிரான்ஸ்பாண்டரை அணைக்காதீர்கள், ஐயா!

போன மாதமும் அதே கதை. ஆழ்கடலில் ஒரு விசைப்படகு. வயர்லெஸ்ஸில் பதில் இல்லை, படகு இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டர் பெட்டியும் அணைந்து கிடக்கிறது. ரோந்துக் கப்பல் துப்பாக்கியோடு நெருங்கினால், இன்ஜின் நின்று மூன்று நாளாக மிதக்கும் நம் ஊர்ப் பையன்கள். ஏன் அணைத்தீர்கள் என்றால், "மீன்பாடு கிடைக்கிற இடம் மத்தவங்களுக்குத் தெரிஞ்சிடும் சார்." கடலோரக் காவல்படையின் மீட்புக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து இந்தப் பதிலை எத்தனை முறைதான் கேட்பது?

மீனவர் கூட்டத்துக்குப் போனால் இன்னொன்று சொல்வார்கள்: "புயலுக்கு வானிலைக்காரங்க இருக்காங்க, நீங்க தீவிரவாதியைப் பாருங்க." இரண்டும் வேறு வேறு என்று யார் சொன்னது? 2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்த தீவிரவாதிகள் குஜராத்தின் குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள். அன்றிலிருந்து, தான் யார் என்று சொல்லாத எந்தப் படகையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு புயல் அடித்தால் அப்படிப்பட்ட படகுகள் ஒரே இரவில் கடலெங்கும் சிதறிவிடும். 2017 ஒக்கி புயலில் குமரி மாவட்டப் படகுகள் லட்சத்தீவு, மகாராஷ்டிரா, குஜராத் வரை போய் ஒதுங்கின. ரோந்து போகிற கப்பல்தான் தேடவும் போகிறது. தேடுவதற்கென்று எங்களிடம் தனிக் கப்பல் கிடையாது.

அரபிக்கடல் சாது என்ற காலம் போய்விட்டது. தண்ணீர் சூடேறிக் கிடக்கிறது. 2019-இல் அங்கே ஐந்து புயல்கள். கியாரும் மகாவும் ஒரே நேரத்தில் சுழன்றன. ஒக்கி சில மணி நேரத்தில் புயலாக மாறியது. பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கு கடலுக்குப் போனவர்களுக்குச் சேதி போய்ச் சேரவே இல்லை. கொண்டல் காற்றையும் கச்சான் காற்றையும் முகத்தில் பட்டதுமே சொல்லும் பெரியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த வேகத்துக்கு அவர்கள் கணக்கும் பிந்திவிடும். கரையோரம் பாடு குறையக் குறைய (இதற்கு வெப்பம் மட்டும் காரணமல்ல, நாம் அள்ளியதும்தான்) படகுகள் நாட்டின் கடல் எல்லைக்கோடு வரை போகின்றன.

அரசு இலவசமாகப் பொருத்தும் அந்த டிரான்ஸ்பாண்டர் பெட்டிதான் புயல் செய்தியும் தரும், எல்லை நெருங்கினால் எச்சரிக்கவும் செய்யும். அதைத்தான் அணைக்கிறீர்கள்!

செல்போனை நம்பாதீர்கள், கொஞ்ச தூரத்தில் சிக்னல் போய்விடும். ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் எங்களுக்குச் சேதி அனுப்பும் டாட் (DAT) கருவியை அரிசி மூட்டைக்கு அடியில் வைக்காதீர்கள். எந்தப் பொத்தான் எதற்கு என்று படகிலுள்ள கடைசிப் பையனுக்கும் தெரிந்திருக்கட்டும். பதிவு எண் அழிந்திருந்தால் இந்த வாரமே பெயின்ட் அடியுங்கள். யார் யார் போகிறார்கள் என்று கரையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வீட்டிலிருப்பவர்கள் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். படகு வரவில்லை என்றால் அன்றைக்கே கூப்பிடுங்கள், அம்மா. மூன்றாம் நாள் கூப்பிட்டால், நீரோட்டம் எங்கே கொண்டுபோயிருக்கும் என்று நான் எந்தப் பக்கம் தேடுவது?