கணவர் துரோகம் செய்தால்: மனுப் போடும் முன் கையில் இருக்க வேண்டியவை

கணவருக்கு வேறு தொடர்பு இருப்பது தெரிந்ததும் பெண்கள் முதலில் தேடுவது அதற்கான சாட்சியை. அதைவிட அவசரம், அவர் வருமானத்துக்கான சாட்சி. ஏனென்றால் ஜீவனாம்சம் கேட்கத் தொடர்பை நிரூபிக்க வேண்டியதில்லை. பிழைக்க வழியில்லாத மனைவியை வசதியிருந்தும் கணவர் கவனிக்கவில்லை என்றாலே, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவில் (பழைய 125) கேட்கலாம். விவாகரத்து வழக்கு போட்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. நம் ராமநாதபுரம் மாவட்டத்தின் கீழக்கரைக்கும் தங்கச்சிமடத்துக்கும், எந்த மதத்துக்கும் இது பொது.

நம் கடற்கரையில் சிக்கல் சம்பளச் சீட்டு இல்லாததுதான். மீன்பிடியில் கிடைக்கும் பங்குக் காசு கையோடு வரும், கையோடு போகும். 2020-இல் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தைக் காட்டி "தொழிலே இல்லை" என்று அவர் எழுதக்கூடும். வருடம் முழுவதற்குமான கணக்கு உங்களிடம் இருக்கட்டும்: படகுப் பதிவுச் சான்றின் நகல், டீசல் ரசீது, மீன் ஏலச் சீட்டு, சங்கப் பாஸ்புக். வளைகுடாவில் வேலை என்றால் விசா நகலும் பணம் அனுப்பிய ரசீதுகளும்.

உங்களுக்குப் போட்ட நகை உங்களுடையது. கல்யாணப் படங்கள், கடை ரசீது, அடகுச் சீட்டு எல்லாவற்றையும் படமெடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு, உங்கள் சொந்த செல் எண்ணோடு, கட்டாயம் வேண்டும். ஊர்ப் பேச்சுவார்த்தையில் "ஜீவனாம்சம் வேண்டாம்" என்று எழுதிய தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புக்குப் பிறகு கள்ளத்தொடர்பு குற்றமல்ல. போலீஸ் அதற்காகக் கைது செய்யாது. ஆனால் இந்து திருமணச் சட்டத்திலும் கிறிஸ்தவர்களுக்கான 1869 விவாகரத்துச் சட்டத்திலும் அது இன்றும் விவாகரத்துக்குக் காரணம். ஒன்றைக் கவனியுங்கள்: தெரிந்த பிறகும் மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்தால், அந்தக் காரணம் வலுவிழக்கலாம். சேர்ந்து வாழ முயல்வது தவறில்லை. ஆனால் முடிவெடுக்குமுன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கோபத்தில் வீட்டை விட்டு இறங்காதீர்கள். வீடு அவர் பெயரில் இருந்தாலும் 2005 குடும்ப வன்முறைச் சட்டம் அங்கே வசிக்கும் உரிமையைத் தருகிறது. செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும் அச்சட்டப்படி வன்முறையே. அடி விழுந்தால் மட்டும் இதெல்லாம் பார்க்காமல் பாதுகாப்பான இடத்துக்குப் போய் பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும், வருமானம் பார்க்காமல், இலவசச் சட்ட உதவி உண்டு. ராமநாதபுரத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், அல்லது சட்ட உதவி எண் 15100-க்கு அழைக்கலாம். ஆதார், குடும்ப அட்டை, திருமணப் பதிவுச் சான்று அல்லது அழைப்பிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் நகலோடு போனால் முதல் நாளே மனு எழுதும் வேலையைத் தொடங்க வசதியாக இருக்கும்.