பிரவுஸ்: வெள்ளாட்டிடமிருந்து வந்த சொல்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் 'பிரவுசிங் சென்டர்' என்று பலகை வைத்த கடைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் பார்க்கப் போகிறோம். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும், ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கவும் போகிறோம். எல்லாமே இன்னது வேண்டும் என்று தீர்மானித்துப் போகிற வேலைகள். பிரவுஸ் என்ற ஆங்கில வினையின் பொருளோ இதற்கு நேர் எதிர். இன்னது வேண்டும் என்ற தீர்மானம் இல்லாமல், கண்ணில் பட்டதைத் தொட்டுப் பார்த்து, பிடித்தால் கொஞ்சம் நின்று, இல்லையென்றால் நகர்ந்துபோவதுதான் பிரவுஸ்.

பழைய பிரெஞ்சு மொழியில் 'புரோஸ்த்' என்றால் இளந்தளிர், கொழுந்து. கொழுந்தைக் கடித்துத் தின்பதற்கான வினை அதிலிருந்து பிறந்தது. இன்றைய பிரெஞ்சில் மேய்தலைக் குறிக்கும் 'புரூத்தே' அதன் வழித்தோன்றல்தான். இடைக்காலத்தின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் இது ஆடு மாடுகளுக்கு உரிய சொல்லாகவே வந்தது. விலங்கியலில் இன்றும் அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது. தரையிலுள்ள புல்லைத் தின்பது கிரேஸ். செடி, புதர், மரக்கிளையில் தழை கடிப்பது பிரவுஸ். ஒட்டகச்சிவிங்கி தழை கடிக்கும். ஆப்பிரிக்கக் காண்டாமிருகங்களில் கறுப்பு வகை கூரிய மேலுதட்டால் கிளையைப் பற்றி இழுத்துத் தின்னும். வெள்ளை வகை அகன்ற வாயால் புல்லை மேயும்.

ஆடு வளர்ப்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே வேண்டாம். செம்மறி குனிந்த தலை நிமிராமல் தரையோடு தரையாக மேய்ந்துகொண்டு போகும். வெள்ளாடு அப்படியல்ல. வேலியில் முன்னங்கால்களை ஊன்றி எழுந்து நின்று கிளுவையில் ஒரு வாய், எட்டினால் முருங்கையில் ஒரு வாய், அடுத்த கணம் எதிர்த்த புதருக்கு ஓட்டம். பிரவுஸ் என்ற சொல்லின் உயிர் இந்த ஓட்டத்தில் இருக்கிறது.

ஆட்டிடமிருந்து இது புத்தகத்துக்கு வந்த வழி அழகானது. 1821-இல் ஆங்கிலக் கட்டுரையாளர் சார்லஸ் லாம், தன் தமக்கை மேரியை ஓர் உறவுப்பெண்ணாக மாற்றி எழுதிய கட்டுரையில், நல்ல பழைய நூல்கள் நிறைந்த அறையொன்றில் அவள் சிறுவயதிலேயே யாருடைய தடையும் இல்லாமல் இஷ்டம்போல் மேய்ந்தாள் என்கிறார். நூலறையை மேய்ச்சல் நிலமாகவே பார்க்கிறார். பின்னால் அந்த நூற்றாண்டிலேயே புத்தகங்களைச் சும்மா புரட்டுவதற்கும், பிறகு கடைச் சரக்குகளைப் பார்வையிடுவதற்கும் இது வழக்குச் சொல்லாயிற்று. கணினிக்கு வந்தது 1970-களில். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லர், ஸ்மால்டாக் என்ற கணினி மொழியின் நிரல்களைப் பார்ப்பதற்கு எழுதிய கருவிக்கு பிரவுசர் என்று பெயர் இட்டார். 1990-இல் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய முதல் வலை பிரவுசருக்கு முன்பே சொல் தயாராக இருந்தது.

இனி தமிழுக்கு வருவோம். நம்மிடம் 'நுனிப்புல் மேய்தல்' இருக்கிறது. ஆழப் படிக்காமல் மேலோட்டமாகப் படிப்பவனை ஆசிரியர்கள் இப்படித்தான் கடிந்துகொள்கிறார்கள். கொழுந்து கடிப்பதும் நுனிப்புல் மேய்வதும் ஒரே காட்சி. ஆங்கிலத்தைப் பார்த்து எழுதிக்கொண்டதல்ல இது. ஆடு மாடுகளோடு வாழ்ந்த இரண்டு கூட்டம் தனித்தனியே ஒரே உவமைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இதைவிடப் பழைய சான்று நன்னூலில் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் மாணாக்கரைத் தரம் பிரிக்கும் நூற்பாவில் பசு முதல் வரிசையிலும் ஆடு கடைசி வரிசையிலும் வருகின்றன. உரைகாரர்கள் தரும் விளக்கம்: ஒரு செடியில் தழை நிறைய இருந்தாலும் அதிலேயே வயிறு நிரப்பிக்கொள்ளாமல் செடிக்குச் செடி ஓடுவது ஆடு, கண்ட இடத்தில் வயிறார மேய்ந்துவிட்டுப் பிறகு ஓரிடத்தில் இருந்து அசைபோடுவது பசு.

லாம் மெச்சிய அதே செயலை நம் இலக்கணம் கண்டிக்கிறது. இந்தக் கண்டிப்பு மேய் என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. 'ஊர் மேயறான்' என்றால் வசைதான். 'நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்பது வகுப்பறையில் பிள்ளைகளைச் சுடுகிற வார்த்தை. மொழிபெயர்ப்பவர்கள் மேய் என்ற வினையைத் தொடத் தயங்குவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். மேய்ச்சல் தொழிலை நாம் தாழ்த்தி வைத்திருப்பதற்குச் சொல் என்ன செய்யும்? ஆயர்களின் முல்லையை ஐந்திணைகளில் ஒன்றாக வைத்துப் பாடிய மொழி இது.

இணையத்துக்கு 'உலாவி' நிலைத்துவிட்டது. நல்ல சொல், கருவிக்குப் பொருத்தமான பெயர். ஆனால் வினையாக வரும்போது 'உலாவு' போதவில்லை. உலாப் போகிறவர் காற்று வாங்கிவிட்டு வெறும் வயிற்றோடு வீடு திரும்பலாம். மேய்ந்தால் ஏதாவது உள்ளே போகும். 'இணையத்தில் மேய்ந்துகொண்டிருந்தபோது கண்ணில் பட்டது' என்று தமிழில் எழுதுகிறவர்கள் எந்தக் குழுவும் சொல்லித்தராமலே எழுதத் தொடங்கினார்கள். அவர்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

அண்டைச் சொற்களையும் பார்த்துவிடலாம். ஸ்கிம் என்பது பாலின் மேலாடையை எடுப்பது. அங்கிருந்துதான் மேலோட்ட வாசிப்பு. ஸ்கேன் முதலில் செய்யுளை அடி அடியாக அளப்பது, நம் யாப்பில் அலகிடுதல். பின்பு உற்று நோக்குதலாகி, இன்று சட்டென்று கண்ணோட்டுவதற்கும் வழங்குகிறது. ரம்மேஜ் என்பது துழாவுதல், கிளறுதல். அதில் அவசரம் இருக்கும், பிரவுஸில் இருக்காது. சர்ச் என்பது தேடல். தேடுகிற ஆள் கிடைத்ததும் நிறுத்திவிடுவார். மேய்கிறவருக்கு நிறுத்த இடம் என்று ஒன்று கிடையாது.

இடத்துக்கு ஏற்ற வினையைத் தமிழே தந்துவிடுகிறது. புத்தகம் என்றால் புரட்டிப் பார்த்தேன். சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோகும் வரை அங்கே பழைய புத்தகக் கடைகளில் நின்றவர்கள் செய்தது இதைத்தான். துணிக்கடை என்றால் கடை கடையாக ஏறி இறங்கினேன். 'என்ன வேணும்?' என்று கடைக்காரர் கேட்டால் 'சும்மா பாக்குறேண்ணே.' அந்த ஆங்கில வினையில் இருக்கும் நோக்கமின்மை முழுவதையும் 'சும்மா' ஏற்றுக்கொள்கிறது.

ஓர் இடத்தில் மட்டும் மேய் வேண்டாம், உலாவு அறவே வேண்டாம். விண்ணப்பப் படிவங்களில் கோப்பை இணைக்கும் பொத்தானில் 'பிரவுஸ்' என்று இருக்கும். அதை 'உலாவு' என்று பெயர்த்தால், புகைப்படத்தை ஏற்ற வந்தவர் எதை உலாவுவது என்று விழிப்பார். அங்கே நடப்பது மேய்ச்சலும் அல்ல, உலாவும் அல்ல. 'கோப்பைத் தேர்ந்தெடு' என்று எழுதினால் முதல் தடவை பார்ப்பவருக்கும் புரியும்.