கிளட்ச் தேய்வதைப் பாதம் முதலில் அறியும்

சேலத்திலிருந்து தருமபுரி போகும் வழியில், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் நான்காவது கியரில் போய்க்கொண்டிருந்தேன். ஆக்சிலேட்டரை மிதித்ததும் இன்ஜின் இரைச்சல் ஏறியது. கார் மட்டும் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. சற்று நேரத்தில் கருகிய வாடை. இன்ஜினின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட் தேய்ந்துபோயிருந்தது. அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே என் இடது பாதத்துக்கு அது தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது என்பது, காரைப் பிரித்த பிறகுதான் விளங்கியது.

இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம் ஃப்ளைவீல். அதற்கு எதிரே பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவே, சிற்றுண்டித் தட்டு அளவில் கிளட்ச் பிளேட். அதன் இரு முகங்களிலும் லைனிங் எனும் உராய்வுப் பட்டை ஆணியடித்துப் பதிக்கப்பட்டிருக்கும். நடுத்துளையின் பற்களில் கியர்பாக்ஸின் தண்டு நுழைந்து நிற்கும். இன்ஜின் சக்தி சக்கரத்துக்குப் போவது இந்த இடத்தில் வெறும் உராய்வால்தான். எடுத்துக்காட்டாக, பிரஷர் பிளேட் 3000 நியூட்டன் விசையோடு நெருக்குகிறது, உராய்வுக் குணகம் 0.3, லைனிங்கின் சராசரி ஆரம் 8 செ.மீ. என்று கொள்வோம். முகங்கள் இரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 144 நியூட்டன் மீட்டர். சிறிய பெட்ரோல் கார் ஒன்றின் இன்ஜின் தரும் முறுக்குவிசைக்கு இது தாராளம். ஆனால் லைனிங்கில் எண்ணெய் பட்டால் குணகம் விழுகிறது. அழுத்தம் குறைந்தாலும் கணக்கு விழுகிறது. பிறகு வழுக்கல்தான்.

நின்ற காரைக் கிளப்பும்போது கிளட்ச் வழுக்கியே ஆக வேண்டும். இன்ஜின் சுழல்கிறது, சக்கரம் நிற்கிறது. இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் அந்த ஓரிரு நொடிகளில், கார் பெறும் இயக்க ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமமான ஆற்றல் லைனிங்கில் வெப்பமாகிறது. ஆட்களோடு 900 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது அது சுமார் 4000 ஜூல். மூன்று தேக்கரண்டித் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான சூடு, ஒவ்வொரு சிக்னலிலும். மேட்டில் பிரேக் பிடிக்காமல் அரை கிளட்சிலேயே காரை நிறுத்திவைத்திருப்பவர் இந்தச் சூட்டை நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அந்தப் பழக்கம் எனக்கும் இருந்தது.

இனி பாதத்துக்கு வந்த தகவல். பிரஷர் பிளேட்டை நெருக்குவது டயாஃப்ரம் ஸ்பிரிங். சற்றே குவிந்த எஃகுத் தட்டு; ஓரத்திலிருந்து நடுவை நோக்கி விரல்கள் போல வெட்டப்பட்டிருக்கும். எண்ணெய் டின்னின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தினால் எதிர்ப்பு கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் தளர்ந்து உள்ளே போகும் அல்லவா? இந்தத் தட்டின் குணமும் அதற்கு நெருக்கமானது. லைனிங் மெலிந்து ஸ்பிரிங் விரியும்போது அதன் விசை உடனே குறைவதில்லை. முதலில் சற்றுக் கூடி, பிறகே இறங்குகிறது. பழைய சுருள் ஸ்பிரிங் கிளட்சில் தேயத் தேய அழுத்தம் குறைந்துகொண்டே வரும். எனக்கு இந்தத் தட்டின் மேல் தனி மரியாதை உண்டு.

லைனிங் தேய்ந்தால் பிரஷர் பிளேட் ஃப்ளைவீலை நோக்கி நகரும். நடுவில் தாங்குபுள்ளி இருப்பதால், விரல்களின் நுனி எதிர்த்திசையில், பெடலை மிதிக்கும்போது அவற்றை அழுத்திக் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கை நோக்கி வரும். லைனிங்கில் 1 மி.மீ. போனால் நுனியில் சுமார் 3 மி.மீ.; பெடலில் அது இன்னும் பெருகும். கேபிள் கிளட்ச் உள்ள காரில், பெடலை மிதித்ததும் முதலில் வெறுமையாகப் போகும் அந்த இடைவெளி இதனால்தான் சுருங்குகிறது. பாதத்துக்கு வந்த தகவல் இதுதான். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் இடைவெளி தீர்ந்து, பேரிங் விரல்களை எப்போதும் தாங்கிப் பிடிக்கும். காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி மிதித்த நிலையிலேயே இருக்கும். வழுக்கும், சூடேறும், இன்னும் வேகமாகத் தேயும்.

வீட்டு வாசலில் மாற்றத் துணிந்தபோது, கிளட்சை எட்டுவதுதான் பெரிய வேலையாக இருந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார், இரு பக்க ஆக்சில்கள் எல்லாவற்றையும் அகற்றி, இன்ஜினுக்குக் கீழே முட்டுக் கொடுத்த பின்புதான் கியர்பாக்ஸ் அசைந்தது. காரை ஜாக்கியின் மேல் மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே படுக்கக் கூடாது. செங்கல் அடுக்கும் உதவாது, நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டுகள் கட்டாயம். கியர்பாக்ஸ் ஏறக்குறைய ஓர் அரிசிச் சிப்பத்தின் கனம். என் மைத்துனர் ஒரு பக்கம் தாங்க, இன்ஜினிலிருந்து நேராக விலக்கி இழுத்தோம்.

பிரஷர் பிளேட்டின் ஆறு போல்ட்டுகளையும் ஒரே மூச்சில் கழற்றினால் ஸ்பிரிங்கின் விசை ஒரு பக்கமாகச் சாய்ந்து உறை கோணிவிடும். எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்த வேண்டும். உள்ளே இருக்கும் கருந்தூசியை ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். நுரையீரலுக்குள் போனால் அது எளிதில் வெளியே வராது. ஈரத்துணியால் துடைத்தெடுத்தோம்.

பழைய பிளேட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். புதியதில் ஆணித்தலைகள் லைனிங்கின் பரப்புக்குக் கீழே, குழிக்குள் இருக்கும்; நகத்தை விட்டால் இறங்கும். இதில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. ஓரிடத்தில் ஆணி ஃப்ளைவீலைத் தொட ஆரம்பித்து, அங்கே மெல்லிய வளையமாக ஒரு கீறல் விழுந்திருந்தது. அதன் அருகே மயில்கழுத்து நிறத்தில் சூட்டுத் தழும்புகள். கீறல் ஆழமில்லை, விரிசலும் இல்லை. விரிசல் இருந்திருந்தால் ஃப்ளைவீலையும் மாற்றியிருக்க வேண்டும். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் செட்டாகவே வாங்கினேன். பேரிங்கை மட்டும் மிச்சம்பிடித்து, அது இரைந்ததும் மறுபடி கியர்பாக்ஸை இறக்குவது அறிவல்ல.

பொருத்தும்போது பொறுமையைச் சோதித்தது பிளேட்டை மையத்தில் நிறுத்துவது. போல்ட்டுகள் இறுகும்வரை பிளேட் எங்கும் கட்டுப்படாமல் தொங்குகிறது. ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கியர்பாக்ஸின் தண்டு நுழையாது; பலவந்தமாகத் தள்ளினால் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். அதற்கென்று விற்கும் மையக்கோல் கிடைக்காததால், மரக்கம்பு ஒன்றில் டேப்பைச் சுற்றிச் சுற்றி, துளைக்குச் சரியான பருமன் வரும்வரை அளந்துகொண்டேன். கை கழுவிய பிறகே லைனிங்கைத் தொட்டேன். தண்டின் பற்களில் கிரீஸ் ஒரு பூச்சு, அவ்வளவுதான். கூடினால் சுழற்சியில் சிதறி லைனிங்கில் படும்.

இரண்டாம் நாள் மாலை கியர் ஆயில் ஊற்றி, பெடலின் இடைவெளியை அளவுகோல் வைத்து 20 மி.மீ. என்று நிறுத்தினேன். புதிய லைனிங் படியும் காலத்தில் சற்று விரைவாகவே தேயும் என்பதால் 500 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி அளந்தேன். 17 இருந்தது. கேபிளின் நட்டை ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன்.