புயல் கரையைக் கடந்த பிறகு மலையில் என்ன நடக்கும்?

"புயல் கரையைக் கடந்தது" என்று செய்தியில் சொன்னதும் சமவெளியில் பலரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். நான் நீலகிரியில் தடுப்புச் சுவர் கட்டுவது, சரிந்த இடத்தைச் சீர்செய்வது என்று பிழைக்கும் பொறியாளன். எனக்கு அந்த நேரத்தில்தான் கவலை தொடங்கும். கார்த்திகை வந்தால் குன்னூர், கோத்தகிரிப் பக்கமிருந்து யாராவது போன் செய்து, "சார், புயல்தான் வலுவிழந்துடுச்சாமே, நாளைக்கே மண் எடுக்க ஆரம்பிச்சுடலாமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். அதற்கான காரணத்தைப் போனில் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல் என்று வானிலைத் துறை படிப்படியாகச் சொல்கிறது அல்லவா? அந்தப் படிகளைக் காற்றின் வேகத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். காற்று மணிக்கு சுமார் 62 கிலோமீட்டரை எட்டினால் புயல், அப்போது அதற்கு ஒரு பெயர். கீழே இறங்கிவிட்டால் மறுபடி தாழ்வு மண்டலம். எவ்வளவு மழை கொட்டும் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது. காற்றுக்கும் அலைக்கும் பயப்பட வேண்டிய கடலோர ஊர்களுக்கு இது பொருத்தமான அளவுகோல். ஆனால் மலைச்சரிவைத் தள்ளுவது தண்ணீர். காற்று ஓய்ந்த பிறகும் மேகத்தில் ஈரம் இருக்கும். நகரும் வேகம் குறைந்துவிட்டால் அத்தனையையும் ஒரே இடத்தில் நின்று கொட்டிவிடும்.

ஃபெஞ்சலை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் மாலை, கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் திருவண்ணாமலையில் மண்ணும் பாறையும் ஒரு வீட்டின்மேல் இறங்கி ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். டிசம்பர் 2 காலைக் கணக்கில் ஊத்தங்கரையில் 500 மில்லிமீட்டர் மழை. இதெல்லாம் அது வலுவிழந்துகொண்டிருந்தபோது நடந்தது.

பழனி மலைக்காரர்களுக்கு கஜா மறந்திருக்காது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, திண்டுக்கல் வழியாக அரபிக்கடலுக்குப் போனது. கொடைக்கானலில் மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன, மண் சரிந்தது, உயிர்களும் போயின. டெல்டாவில் தென்னை விழுந்த செய்திதான் எங்கும் பேசப்பட்டது. மலைச் செய்தி அதற்கடியில் போய்விட்டது.

நீலகிரிக்கு மறக்கவே கூடாதது 2009 நவம்பர். அப்போது புயல் என்று சொல்லும்படி எதுவும் எங்களுக்கு அருகில் இல்லை. இலங்கைக்குத் தென்மேற்கே தோன்றிய ஒரு தாழ்வுப் பகுதி, தென்முனையைத் தாண்டி அரபிக்கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நவம்பர் 10 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் 820 மில்லிமீட்டர் பதிவானது. குன்னூர், கேத்தி, ஊட்டி சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் சரிவு, 40 பேருக்கும் மேல் பலி. அது பிற்பாடு வலுத்து, பியான் என்று பெயர் பெற்று, 11ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் கரையேறியது. கேத்தியில் மண் இறங்கியபோது அதற்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை.

கடலில் தாழ்வு எங்கே இருக்கிறது என்பது இதனால்தான் முக்கியம். நம் பக்கத்துக் கடல்களில் சுழல் இடஞ்சுழியாகச் சுற்றும். தாழ்வு குமரிக்கடலிலோ, மன்னார் வளைகுடாவிலோ, லட்சத்தீவுப் பக்கமோ நின்றால் நாம் அதற்கு வடக்கே இருப்போம். அப்போது நமக்குக் கிழக்குக் காற்று வீசும். அந்தக் காற்று வங்கக்கடலின் ஈரத்தையெல்லாம் சுமந்து சமவெளியைத் தாண்டி வந்து, கோத்தகிரி, குன்னூர், கேத்திச் சரிவுகளிலும் பழனி மலையின் கிழக்கே தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுப் பக்கமும் முட்டும். முட்டியதும் மேலே ஏறும், குளிரும், கொட்டும். ஆக, தாழ்வு நம்மைவிட்டுத் தெற்கே சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பதே நமக்கு மோசமான இருப்பிடமாக இருக்கலாம். சென்னைக்கு நேரே நின்று ஆந்திரா பக்கம் வடக்கே போகிற புயலைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

ஆடி, ஆவணியில் கதை தலைகீழ். ஒடிசாவை ஒட்டி வடக்கு வங்கக்கடலில் தாழ்வு உருவானால் அரபிக்கடலிலிருந்து வரும் மேற்குக் காற்று பலப்படும். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி நனையும். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதியை ஒட்டி அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டரைத் தாண்டியது. 2024 ஜூலை 30 அன்று முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தனவே, அவை பந்தலூரை ஒட்டிய வயநாட்டு மலைகளில் இருக்கும் ஊர்கள்தான். கடல் சூடேற ஏற காற்றில் ஈரமும் கூடுகிறது. வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும்.

செய்தியின் கடைசியில் மீனவர்களுக்கான எச்சரிக்கை வரும். குமரிக்கடலில் சூறைக்காற்று, லட்சத்தீவுப் பகுதிக்குப் போக வேண்டாம் என்றெல்லாம் சொல்வார்கள். மலையில் அதற்குள் சேனலை மாற்றிவிடுகிறோம். தயவுசெய்து அதையும் கேளுங்கள். எந்தக் கடல் பெயர் அடிபடுகிறது, கிழக்கே நகர்கிறதா, மேற்கே நகர்கிறதா, நின்றுவிட்டதா என்பது அதில் இருக்கும். 2020 டிசம்பரில் புரெவி ராமநாதபுரத்தை ஒட்டி ஒரு நாளுக்கும் மேலாக நகராமல் நின்று, மாநிலத்தின் பல மாவட்டங்களை நனைத்தது. "நிலை கொண்டுள்ளது" என்ற சொல்லைக் கேட்டால் நான் வேலையிடத்துக்குப் போன் செய்துவிடுவேன்.

சரி, மண்ணுக்கு வருவோம். நீலகிரியில் சார்னகைட் பாறைக்கு மேலே ஆழமாக உளுத்துப்போன செம்மண்ணும் களியும் இருக்கின்றன. நாள்கணக்கில் பெய்யும் மழை மெதுவாக இறங்கிப் பாறையின் மேல் தேங்கும். மண்ணின் எடை கூடும், உள்ளே நீரின் அழுத்தம் ஏறும், பிடிப்பு விட்டுப்போகும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஐந்து சென்ட் இடத்தில் 100 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 20,000 லிட்டர். அதில் பாதி உள்ளே போனாலும் யோசித்துப் பாருங்கள். இன்று எவ்வளவு பெய்தது என்பதோடு கடந்த சில நாட்களாக எவ்வளவு சேர்ந்தது என்றும் பார்க்க வேண்டும். வானிலைத் துறை ஒரே நாளில் 64.5 மில்லிமீட்டரை எட்டினால் கனமழை என்கிறது. மூன்று நாள் மழை மொத்தமாக அந்த அளவை எட்டினாலே என் வேலையிடத்தில் மண் வெட்டுவதை நிறுத்திவிடுவேன்.

இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். வாயும் அடியும் ஒரே அகலமாக, நேராக நிற்கும் தகர டப்பா போதும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், வாய் அகன்றிருப்பதால் அளவு தப்பும். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் காலை 8.30க்கு ஸ்கேலால் அளந்து எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். வானிலைத் துறையின் நாள்கணக்கும் அந்த நேரத்துக்குத்தான் முடிகிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் வெயிலடிக்கும்போதே நம் சரிவில் அடைமழை பெய்யும் ஊர் இது. ஊட்டியின் அளவை வைத்து உங்கள் வீட்டுப் பின்புறத்தை முடிவு செய்ய முடியாது.

அப்புறம், தடுப்புச் சுவர். சுவரில் வரிசையாக குழாய்த் துளைகள் விட்டிருப்போம், மேஸ்திரிகள் வீப் ஹோல் என்பார்கள். மழை விட்டதும் அதன் அருகே போய் நின்று பாருங்கள். தெளிந்த தண்ணீர் சொட்டினால் சுவர் வேலை செய்கிறது. மேலே மண் ஊறிக் கிடக்கும்போதும் துளை காய்ந்திருந்தால் அடைபட்டிருக்கிறது, தண்ணீர் உள்ளே தேங்கிச் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. கலங்கலாக வந்தால் பின்னாலுள்ள மண் அரித்து வெளியேறுகிறது. சிலர் பாசி பிடிக்கிறது, அழகாக இல்லை என்று துளைகளைப் பூசி அடைத்துவிடுகிறார்கள். அந்த வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பதறும். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தாலும், மேட்டில் பிறை வடிவில் வெடிப்பு ஓடினாலும், இதுவரை நேராக நின்ற மரமோ மின்கம்பமோ சாய்ந்தாலும், கதவு திடீரென்று நிலையில் மாட்டிக்கொண்டாலும் உடனே பார்க்க வேண்டும். வெடிப்பைத் தார்ப்பாயால் மூடி மழைநீரைத் திருப்பிவிடுவது முதலுதவி மட்டும்தான்.

1978, 1993, 2009 என்று நீலகிரியின் பெரிய சரிவுகள் நவம்பரில் வந்திருக்கின்றன. வீட்டுமனைக்கு மண் வெட்டுகிற வேலையை ஐப்பசிக்கு முன்பே முடித்து, சுவரும் வடிகாலும் எழுப்பிவிடுங்கள். முடியாவிட்டால் தை பிறக்கட்டும். பாதி வெட்டிய மேடு மழைக்காலத்தில் நிற்பதுபோல் ஆபத்து வேறில்லை.

சரிவுக்குக் கீழே, குறிப்பாக தோட்டத்து லைன் வீடுகளில் இருப்பவர்கள், ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை வந்தால் இருட்டுவதற்குள் இடம் மாறிவிடுங்கள். நள்ளிரவில் மின்சாரம் போன பிறகு, குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு வழுக்கும் படிகளில் இறங்குவது மிகவும் கடினம். வெடிப்போ கலங்கல் ஊற்றோ கண்டால் பகலிலேயே போட்டோ எடுத்து கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டுங்கள், 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணுக்கும் சொல்லுங்கள். இடத்தைச் சொல்லும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல், எந்தச் சாலையில், எந்த வளைவுக்கு மேலே என்றும் சேர்த்துச் சொன்னால் ஆட்கள் சீக்கிரம் வந்து சேர்வார்கள்.